கழிகள் மேல் நிற்கும் மாநகரம்



ஊர் சுற்றிப் பார்ப்பது என்றால் நம் குடும்பங்களுக்கு ஒரு காலத்தில் பத்துமலையும் பினாங்குக் கடற்கரையும்தான். தோட்டத்தார் சேர்ந்து பேருந்து பிடித்து, புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு விடியுமுன் புறப்பட்டு, இரவு வீடு திரும்பிவிடுவோம். அப்படிப்பட்ட வழியில் வந்த நாங்கள், பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், பள்ளி விடுமுறையில், இத்தாலி நாட்டிலுள்ள வெனிஸ் நகருக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், பால்மரம் சீவியே எங்களை ஆளாக்கிய பாட்டி, ஆக ஐந்து பேர்.

தெருவுக்குப் பதிலாகக் கால்வாய், காருக்குப் பதிலாகப் படகு என்று படத்தில் பார்த்த ஊர் அது. அழகைப் பார்க்கத்தான் போனோம். ஆனால் அங்கிருந்த மூன்று நாளும் எங்கள் கண்ணில் பட்டதெல்லாம் வேலைதான். அந்த ஊரை யார் கட்டினார்கள், யார் தண்ணீர் சுமந்தார்கள், இன்று யார் அங்கே குடியிருக்கிறார்கள் என்ற கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறோம்.

வெனிஸில் அறை வாடகை எங்களுக்குக் கட்டுபடியாகவில்லை. ஆகவே எதிர்க்கரையில், பெருநிலத்தில் இருக்கும் மெஸ்த்ரே என்ற ஊரில் தங்கினோம். அங்கிருந்து ரயிலில் பத்து நிமிடப் பயணம். காலை ரயிலில் எங்களைப் போன்ற பயணிகளைவிட வேலைக்குப் போகிறவர்களே அதிகம். சமையல்காரர்கள், அறை துப்புரவு செய்யும் பெண்கள், கடைச் சிப்பந்திகள், கட்டட வேலைக்காரர்கள். அவர்களிடையே வங்காளதேசத்து முகங்கள் ஏராளம். ரயில் ஆழமில்லாத உப்புநீர்ப் பரப்பின் மேல், சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தில் ஓடியது. 1846-ஆம் ஆண்டில் இந்தப் பாலம் வருவதற்கு முன் அந்த ஊருக்குப் போகப் படகைத் தவிர வேறு வழியே கிடையாது. மோட்டார் வண்டிகளுக்கான பாலம் 1933-இல்தான் வந்தது. அதில் வரும் வண்டிகளும் ஊரின் வாசலோடு நின்றுவிடுகின்றன.

ஏன் இப்படிச் சேற்றிலும் தண்ணீரிலும் போய் ஊரைக் கட்டினார்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஆசைப்பட்டு யாரும் கட்டவில்லை. ரோமப் பேரரசு சரிந்த காலத்தில் வடக்கிலிருந்து படைகள் அலை அலையாக இறங்கின. 568-ஆம் ஆண்டில் லொம்பார்டியர் வந்தபோது, பெருநிலத்து மக்கள் உயிர் தப்பினால் போதுமென்று இந்த உப்பங்கழித் தீவுகளுக்கு ஓடினார்கள். குதிரைப்படை சேற்றில் இறங்காது. வழி தெரியாத கப்பல் தரைதட்டும். அந்தச் சேறே அவர்களுக்குக் கோட்டையாயிற்று. நகரம் 421-இல் பிறந்தது என்று வெனிஸ்காரர்கள் பிறந்தநாள் கொண்டாடுவார்கள். அது மரபுக் கதை. அகதிகள் கட்டிய ஊர் என்பதுதான் வரலாறு. மீன் பிடித்தார்கள், உப்பு விளைவித்தார்கள். அந்த உப்பை விற்றே வணிகம் கற்றார்கள்.

சேற்றில் வீடு எப்படி நிற்கும்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் மரக்கழிகளைத் தலைகீழாகச் சேற்றில் அடித்து இறக்குவார்கள். ஓர் ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் உள்ள கழிகள். ஒன்றை ஒன்று ஒட்டி நெருக்கமாக அடிப்பார்கள். கழிகளின் தலைமேல் கெட்டிப் பலகைகளைப் பரப்புவார்கள். அதன்மேல் இஸ்திரியா நாட்டு வெள்ளைக்கல். இந்தக் கல்லில் உப்புநீர் எளிதில் ஊறாது. அதன்மேல்தான் செங்கல் சுவர் எழும். நம் நாட்டிலும் ஒரு காலத்தில் சதுப்பு நிலத்தில் கட்டடம் கட்டப் பாக்காவ் கழிகளை அடிப்பார்களே, அதே வேலைதான்.

மரம் மக்கிப் போகாதா என்றால், காற்றுப் படாத சேற்றுக்குள் அது மிக மிக மெதுவாகத்தான் கெடுகிறது. தண்ணீருக்கு மேலும் கீழுமாக மாறி மாறி நனைந்து காயும் மரம்தான் சீக்கிரம் அழியும். 1902-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி காலையில் சான் மார்கோ சதுக்கத்து மணிக்கோபுரம் முழுவதும் இடிந்து விழுந்தது. யாரும் சாகவில்லை. இடிபாட்டை அகற்றிப் பார்த்தபோது, அடியில் பல நூறு ஆண்டுகளுக்கு முன் அடித்த கழிகள் இன்னும் வலுவாக இருந்தன. அவற்றோடு மேலும் கழிகளைச் சேர்த்து அடித்து, 1912-இல் அதே இடத்தில் அதே வடிவில் சுமார் 99 மீட்டர் உயரக் கோபுரத்தைத் திரும்ப எழுப்பினார்கள்.

கழி அடிப்பதற்கென்றே ஒரு தொழிலாளர் கூட்டம் இருந்தது. கைப்பிடிகள் வைத்த பாரமான கட்டையைச் சேர்ந்து தூக்கிக் கழியின் தலையில் போடுவார்கள். எல்லாருடைய கையும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். ஒரே நேரத்தில் விழ வேண்டும். அதற்காகப் பாடிக்கொண்டே அடிப்பார்கள். "நாற்று நடும்போதும் ஏற்றம் இறைக்கும்போதும் நம்மவர் பாடியது போலவா?" என்று கேட்டார் பாட்டி. அதே போலத்தான். பெருவாய்க்காலின் முகப்பில் நிற்கும் சாலூத்தே தேவாலயத்தின் அடியில் மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கழிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். 1630-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் நகரத்தாரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் மாண்டார்கள். நோய் நீங்க வேண்டுமென்று நேர்ந்துகொண்டு, மறு ஆண்டில் தொடங்கிய கோயில் அது. ரியால்டோ பாலத்தின் இரு கரைகளிலும் சேர்த்துச் சுமார் 12,000 கழிகள். அந்தக் கல்பாலம் 1588-இல் தொடங்கி 1591-இல் முடிந்தது. அதன்மேல் நின்று ஆயிரம் பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

இத்தனை மரத்துக்கும் கல்லுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் கதை நம் பக்கம் திரும்புகிறது. மலபார்க் கரையின் மிளகு, மலுக்கு தீவுகளின் கிராம்பு, பண்டா தீவுகளின் ஜாதிக்காய் ஆகியவை கப்பல் மாறிக் கப்பல் மாறிச் செங்கடல் வழியாக எகிப்துக்குப் போயின. அங்கே அலெக்சாந்திரியாவில் காத்திருந்து வாங்கியவர்கள் வெனிஸ் வணிகர்கள். ஐரோப்பாவின் சமையலறைகளுக்கு மிளகு விற்றுத்தான் அந்த மாளிகைகள் எழுந்தன. கிராம்பும் ஜாதிக்காயும் கைமாறிய பெருஞ்சந்தை நம் மலாக்கா. அங்கே தமிழ் வணிகர்கள் செல்வாக்கோடு இருந்தார்கள். 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். சில ஆண்டுகளில் அங்கிருந்து எழுதிய தோமே பிரேஸ் என்ற போர்த்துகீசியர், மலாக்காவை ஆள்கிறவனின் பிடியில்தான் வெனிஸின் உயிர்மூச்சு இருக்கிறது என்ற கருத்தைப் பதிவு செய்தார். ஒரு நகரத்தின் சோற்றுப்பானை இன்னொரு கோடியில் இருக்கும் துறைமுகத்தில் வேகிறது என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார்.

வெனிஸ்காரர்களில் நாம் எல்லாரும் பள்ளியில் படித்த பெயர் மார்கோ போலோ. 1271-இல் புறப்பட்டு 1295-இல் வீடு திரும்பியவர். சீனாவிலிருந்து திரும்பும் வழியில் காற்று மாறும்வரை சுமத்திராவில் ஐந்து மாதம் தங்கியிருந்தார். பிறகு பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்து, முத்துக் குளிப்பையும் காயல் துறைமுகத்தையும் பற்றிச் சொல்லிவைத்தார்.

பொருளுக்கு ஈடாக வெனிஸ் கொடுத்தது பொன். 1284-இல் அடிக்கத் தொடங்கிய அவர்களுடைய பொற்காசு, மூன்றரை கிராம் தங்கம், ஐந்நூறு ஆண்டுகளுக்கு எடையும் மாற்றும் குறையாமல் இருந்தது. அதனால் தென்னிந்தியாவிலும் அதற்கு மதிப்பு. பெண்கள் அதை மாலையாகக் கோத்து அணிந்தார்கள். அந்தக் காசில் வெனிஸின் தலைவர் ஒரு கொடிக்கம்பத்தைப் பிடித்துப் புனித மார்க்குவின் முன் மண்டியிட்டிருப்பார். அதைப் பார்த்த நம் ஊர்ப் பெரியவர்கள், யாரோ பனைமரம் ஏறுகிறார் என்று எண்ணிக்கொண்டார்களாம்! வெனிஸின் பேரரசுப் பெருமையைவிட எங்களுக்கு இந்தச் செய்திதான் பிடித்தது.

இரண்டாம் நாள் அர்செனாலே என்ற பழைய கப்பல் கட்டும் களத்துக்குப் போனோம். நூறு ஏக்கருக்கும் அதிகமான இடம், சுற்றிலும் உயர்ந்த மதில். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொடங்கிய இந்தக் களத்தில், பதினாறாம் நூற்றாண்டில் நாள்தோறும் இரண்டாயிரம் மூவாயிரம் பேர் வேலை செய்தார்கள். தச்சர், கீல் பூசுவோர், கயிறு திரிப்போர், துடுப்புச் செதுக்குவோர் என்று வேலைகள் பிரிந்திருந்தன. பாய்த்துணி தைத்தவர்கள் பெண்கள். ஒரு கப்பல் ஒவ்வொரு பட்டறையாக நகர்ந்து வர, ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு பொருள் ஏறும். 1574-இல் பிரெஞ்சு அரசர் மூன்றாம் ஹென்றி வந்தபோது, அவர் விருந்து உண்டு எழுவதற்குள் ஒரு போர்ப்படகைப் பூட்டி முடித்துக் காட்டினார்கள் என்பார்கள். அதற்கு மூன்று ஆண்டு முன்னர், லெபாந்தோ கடற்போருக்கு வெனிஸ் நூற்றுக்கும் மேற்பட்ட போர்க்கலங்களை அனுப்பியிருந்தது. தாந்தே என்ற பெருங்கவிஞர் நரகத்தைப் பாடும்போது, இந்தக் களத்தில் கொதித்த கீலைத்தான் உவமையாகக் கொண்டார். அங்கே வேலை செய்தவர்கள் அந்த உவமையை மறுத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறோம்.

தொழிலாளர்களை வேலைக்கு அழைத்தது சான் மார்கோ கோபுரத்தின் பெரிய மணி. அதன் பெயர் மாரங்கோனா. தச்சர் மணி என்று பொருள். வேலை தொடங்கவும் அது, முடியவும் அது. இதைச் சொன்னதும் பாட்டியின் முகம் மாறிவிட்டது. "பெரட்டு மணி!" என்றார். இருட்டில் எழுந்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்த காலம் நினைவுக்கு வந்துவிட்டது போலும். 1902-இல் கோபுரம் விழுந்தபோது ஐந்து மணிகளில் நான்கு உடைந்து போயின. உடையாமல் தப்பியது இந்த ஒன்றுதான். நண்பகலில் கோபுர மணி ஒலித்தபோது பாட்டி சதுக்கத்தின் நடுவில் நின்று, ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். சதுக்கத்தின் தேவாலயத்தையும், 1204-இல் கொன்ஸ்தாந்திநோப்பிளைச் சூறையாடிக் கொண்டுவந்த வெண்கலக் குதிரைகளையும் நாங்கள் அண்ணாந்து பார்த்தோம். வெளியே நிற்பவை நகல்கள்; அசல் குதிரைகள் உள்ளே பாதுகாக்கப்படுகின்றன. கொள்ளைப் பொருளை நெப்போலியனும் ஒருமுறை கொள்ளையடித்துப் பாரிசுக்குக் கொண்டுபோனார். 1815-இல் அவை திரும்பி வந்தன.

அடுத்து, தண்ணீர். ஊரைச் சுற்றித் தண்ணீர், ஆனால் குடிக்க ஒரு சொட்டு இல்லை. ஒவ்வொரு சிறு சதுக்கத்திலும் நடுவில் ஒரு கல் கிணற்றுவாய் இருப்பதைப் பார்த்தோம். இப்போது எல்லாம் மூடி போட்டுக் கிடக்கின்றன. அவை ஊற்றுக் கிணறுகள் அல்ல. தரையின் கீழே பெரிய குழி தோண்டி, உப்புநீர் புகாமல் களிமண் அப்பி, உள்ளே மணலை நிரப்பி, நடுவில் கிணற்றைக் கட்டுவார்கள். சதுக்கத்தில் பெய்யும் மழை மணலில் வடிந்து, தெளிந்து, கிணற்றில் சேரும். இப்படி ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை ஒரு காலத்தில் இருந்தன. பொதுக்கிணறுகளைப் பூட்டி வைத்திருந்தார்கள். நாளுக்கு இரண்டு வேளை மணியடித்துத் திறப்பார்கள். லயத்துப் பொதுக் குழாயடியில் வாளியோடு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வசதியுள்ள வீடுகளுக்குத் தண்ணீர் சுமந்தவர்கள் இளம்பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் பிரியூலி மலைப்பக்கத்து ஏழைக் குடும்பங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். வளைந்த கம்பைத் தோளில் வைத்து, இரு முனையிலும் செம்பு வாளிகளைத் தொங்கவிட்டு, பாலமேறி இறங்கி, மாடிப்படி ஏறிச் சுமப்பார்கள். நம் பெண்கள் காண்டாக் கம்பில் பால்வாளி சுமந்தது போலவே இருக்கிறது அந்தப் பழைய படங்களைப் பார்த்தால். வெனிஸின் தலைவர் வாழ்ந்த மாளிகையின் முற்றத்துக் கிணறுகளில் அவர்கள் கூட்டமாக நின்று நீர் மொண்டார்கள். 1884-இல் பெருநிலத்திலிருந்து குழாயில் நீர் வந்தது. அந்தச் சுமை இறங்கியது. அந்தப் பிழைப்பும் போயிற்று.

படகுச் சவாரி கேட்டுப் பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். கொண்டோலா என்னும் கறுப்புப் படகுக்கு அரை மணி நேரத்துக்கு 90 யூரோ என்று நகராட்சி 2023-இல் கட்டணம் வைத்திருந்தது. எங்கள் கணக்கில் அது இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவு. நல்ல வேளையாக, பெருவாய்க்காலைக் குறுக்கே கடக்க இரண்டு பேர் துடுப்புப் போடும் பொதுப்படகு ஒன்று உண்டு. ஆளுக்கு 2 யூரோ. ஐந்து பேரும் ஏறி, இரண்டு நிமிடத்தில் அக்கரை சேர்ந்தோம். பிள்ளைகளுக்குத் திருப்தி. திரும்பவும் அதே படகில் இக்கரை வந்தோம்.

வெனிஸ் குடியரசு ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்று, 1797-இல் நெப்போலியனின் படைக்கு முன் ஒரு குண்டுகூடப் பெரிதாக வெடிக்காமல் முடிந்தது. ஆஸ்திரியாவின் கையில் பல ஆண்டுகள் இருந்து, 1866-இல் இத்தாலியோடு சேர்ந்தது. அதை நாங்கள் விரித்துச் சொல்லப் போவதில்லை. அரசு முடிந்தாலும் கடலோடு நடந்த போராட்டம் முடியவில்லை. அந்தப் போராட்டம் பெரிது. ஆறுகள் கொண்டுவரும் வண்டல் உப்பங்கழியைத் தூர்த்துவிடாதிருக்க, முன்னோர் பிரெந்தா, பியாவே போன்ற ஆறுகளையே வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். கடலைத் தடுக்கக் கல்சுவர் கட்டி 1782-இல் முடித்தார்கள். இருபதாம் நூற்றாண்டிலோ, எதிர்க்கரைத் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் நகரமே கொஞ்சம் கீழிறங்கியது. கடலும் ஏறியது.

1966-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி நீர் 194 சென்டிமீட்டர் உயர்ந்தது. கீழ்த்தள வீடுகளில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டுமா? ஏழைகள்தான். அவர்களில் பலர் ஊரைவிட்டே போனார்கள். அதன் பின்னர் உப்பங்கழியின் மூன்று வாய்களிலும் 78 எஃகுக் கதவுகள் அமைக்கத் திட்டம் போட்டார்கள். வேலை இழுத்தது, செலவு ஏறியது, 2014-இல் இலஞ்ச வழக்கில் பலர் கைதானார்கள். அதற்கிடையே 2019 நவம்பரில் மறுபடியும் 187 சென்டிமீட்டர் வெள்ளம். கடைசியில் 2020 அக்டோபர் 3-ஆம் தேதி கதவுகள் முதன்முறையாக எழுந்து கடலைத் தடுத்தன. அன்று சதுக்கத்தில் காலணி நனையாமல் நடந்தவர்கள் அழுதிருந்தாலும் தவறில்லை. தாழ்வான இடங்களில் நீர் வரும் நாளுக்கென்று நடைப்பலகைகளைச் சந்துகளில் அடுக்கி வைத்திருந்ததை நாங்களும் கண்டோம்.

கடைசி நாள் மாலை ரியால்டோ பக்கம் வந்தபோது, ஒரு மருந்துக்கடையின் கண்ணாடிக்குள் எண்கள் மின்னுவதைப் பெரிய பையன் பார்த்தான். விலையா, மணியா என்று கேட்டான். இரண்டும் இல்லை. பழைய நகரத்தில் இன்னும் குடியிருப்பவர்களின் எண்ணிக்கை அது. 2008-ஆம் ஆண்டிலிருந்து அங்கே காட்டுகிறார்கள். 1951-இல் சுமார் 175,000 பேர் வாழ்ந்த நகரம். 2022-இல் அந்த எண்ணிக்கை 50,000-க்குக் கீழே போயிற்று. 2023-இல் வந்து தங்குவோருக்கான படுக்கைகள் குடியிருப்போரின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டன என்று அவ்வூர்க் குடிமக்கள் எண்ணிச் சொன்னார்கள். வீட்டுக்காரர் ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிட, நாள் வாடகைக்கு எங்களைப் போன்றவர்களுக்கு விட்டால் பல மடங்கு வருமானம். மளிகைக்கடை முகமூடிக் கடையாகிறது. ரொட்டிக்கடை பொம்மைக்கடையாகிறது. பிள்ளைகள் குறைந்தால் பள்ளி மூடுகிறது. பள்ளி மூடினால் மிச்சமிருப்பவர்களும் மெஸ்த்ரேக்குப் போகிறார்கள். கூட்டத்தைக் குறைக்க 2024-இல் 29 நாட்களுக்குப் பகல்நேரப் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கிப் பார்த்தார்கள். தோட்டம் துண்டாடி விற்கப்பட்டு, லயத்தைக் காலி செய்யச் சொன்ன கடிதத்தைக் கையில் வாங்கியவர்களுக்கு அந்தக் கண்ணாடிக்குள் மின்னிய எண் வெறும் எண்ணாகத் தெரியாது. பாட்டி அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

இருட்டிய பிறகு ரயில் ஏறினோம். காலையில் பார்த்த முகங்கள்தான் இப்போதும். அலுப்பு மட்டும் கூடியிருந்தது. எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்த வங்காளதேசத்து இளைஞர், நாங்கள் பேசுவதைக் கேட்டு, "மலேசியாவா?" என்று மலாய் மொழியில் விசாரித்தார். முன்பு கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் நான்கு ஆண்டு இருந்தவராம். இப்போது வெனிஸ் உணவகம் ஒன்றில் தட்டுக் கழுவுகிறார். பாட்டிக்குப் பேச்சுத்துணை கிடைத்துவிட்டது. அந்த அழகான ஊரிலேயே குடியிருக்கலாமே, தம்பி, என்று பாட்டி கேட்டார். அவர் சிரித்தார். மெஸ்த்ரேயில் ஓர் அறையில் நான்கு பேர் என்றார். மூன்று ஆண்டாக வேலைக்குப் போகிறாராம். உணவகத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையே உள்ள வழியைத் தவிர ஊரை இன்னும் பார்க்கவில்லையாம். ரயில் நின்றது. பாட்டியின் பையை அவரே வாங்கிக்கொண்டு முதலில் இறங்கினார்.